டர்பனில் வெட்டவெளியில் ஒரு பியர்: எங்கே உட்காரலாம், எங்கே கூடாது

உம்கேனி ஆறு கடலில் சேரும் புளூ லகூனில் ஞாயிறு மாலை காரை நிறுத்தி, பின்கதவைத் தூக்கி, கூலர் பாக்ஸைத் திறப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர இந்தியர்களுக்குத் தலைமுறைப் பழக்கம். மடியில் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு நிரப்பியது), கையில் தூண்டில், காலடியில் பியர். இந்த மூன்றில் சட்டம் கேள்வி கேட்காதது பன்னி சௌ ஒன்றுதான். தூண்டிலுக்குக்கூட அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

வெளியில் உட்கார்ந்து குடிக்க இந்த ஊரில் உள்ள இடங்களைத்தான் இங்கே எடைபோடுகிறோம். கடற்கரை, பாட்டில் ஸ்டோர் வாசல், ஹோட்டல் தாழ்வாரம், உரிமம் பெற்ற பிராய் தோட்டம் (இறைச்சியைத் தீயில் சுட்டுத் தரும் முற்றம்) என்று நான்கு வகை. எந்தக் கடையின் பெயரும் சொல்லவில்லை. வகையைச் சரியாகப் புரிந்துகொண்டால் கடையை நீங்களே தேர்ந்தெடுத்துவிடலாம்.

முதலில் கடற்கரை. பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. கடற்கரை, பூங்கா, நடைபாதை, வாகன நிறுத்தம் எல்லாம் இதில் அடங்கும். டர்பனை நிர்வகிக்கும் ஈதெக்வினி மாநகராட்சி 2015இல் கொண்டுவந்த துணைச்சட்டங்களில் கடற்கரைக்கென்றே ஒன்று உண்டு. பொது இடத்து நடத்தைக்கு இன்னொன்று. டிசம்பர் கூட்டத்தில் கடற்கரைக்குப் போகும் சாலைகளிலேயே மெட்ரோ போலீஸ் நின்று பெட்டிகளைத் திறந்து பார்க்கும். சிக்கியது திரும்பக் கிடைக்காது. "குடும்பத்தோடு அமைதியாக உட்கார்ந்து ஒரு பியர் குடித்தால் யாருக்கு நஷ்டம்?" என்று ஒவ்வொரு பண்டிகைக் காலத்திலும் குரல் எழும். தனியாகப் பார்த்தால் நியாயமான கேள்விதான். ஆனால் புத்தாண்டு நாளில் நகரக் கடற்கரையான கோல்டன் மைலில் சேரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். தொலைந்தால் கண்டுபிடிக்கக் குழந்தைகள் கையில் அடையாளப் பட்டை கட்டி அனுப்பும் கடற்கரை அது. மணலில் புதைந்த கண்ணாடிச் சில்லும், போதையில் அலைக்குள் இறங்கும் ஆளும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தால் உயிர்காப்பாளர்கள் யாரைப் பார்ப்பார்கள்? கடற்கரைத் தடை சரி. காட்சிக்கு ஐந்துக்கு ஐந்து. குடிக்கும் இடமாகச் சுழியம்.

இரண்டாவது, பாட்டில் ஸ்டோர் வாசல். பலர் ஏமாறுவது இங்கேதான். உரிமத்தில் இரண்டு வகை உண்டு: அங்கேயே உட்கார்ந்து அருந்துவதற்கான உரிமம் ஒன்று, வாங்கி எடுத்துப்போவதற்கான உரிமம் மற்றொன்று. பாட்டில் ஸ்டோர் இரண்டாம் வகை. பக்கத்தில் கசாப்புக் கடை, அதற்குப் பக்கத்தில் கார் கழுவும் இடம், நடுவில் ஒரு பிராய் அடுப்பு என்று அமைந்துவிட்டால் பார்வைக்கு ஷிசா ன்யாமா (இறைச்சி சுட்டு மதுவோடு பரிமாறும் இடம்) போலவே இருக்கும். இறைச்சி வாங்கி அங்கேயே சுட்டுத் தின்னலாம், அதில் குற்றமில்லை. பக்கத்துக் கடையில் வாங்கிய குவார்ட்டை (750 மில்லி பியர் பாட்டிலை) அதே வாசலில் திறந்து குடித்தால் குற்றம். போலீஸ் வந்தால் கடைக்காரர் "நான் விற்றது எடுத்துப்போக" என்று கைகழுவிவிடலாம், மாட்டுவது குடித்தவர். இந்த இடங்களில் கழிப்பறை போதாது, வெளிச்சம் போதாது, சண்டை வந்தால் விலக்க ஆள் இல்லை. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் இந்த வகை இடங்களைப் பற்றிப் புகார் சொல்வதும் உண்டு. அதைக் கண்டிக்க வேண்டிய சட்டம் கூலர் பாக்ஸ் குடும்பத்தைப் பிடிக்கும் வேகத்தில் இங்கே வருவதில்லை என்பது எங்கள் முறையீடு. ஐந்துக்கு ஒன்று, அந்த ஒன்றும் சுட்ட சாப்ஸுக்காக (எலும்போடு வெட்டிய இறைச்சித் துண்டு).

மூன்றாவது, ஹோட்டல் தாழ்வாரம். டர்பனின் உணவகத் தெருவான ஃபுளோரிடா ரோடு பாணித் தாழ்வாரங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உரிமம் இருக்கும், கண்ணாடிக் குவளை இருக்கும், விலையும் இருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: உரிமம் கொடுக்கப்படுவது கட்டட வரைபடத்தில் குறித்த எல்லைக்குத்தான். மேசை நடைபாதைக்கு வழிந்தால் அதற்கு மாநகராட்சியின் தனி அனுமதி வேண்டும். எல்லைக் கயிற்றுக்கு வெளியே போடப்பட்ட மேசையில் உட்காராதீர்கள். ஐந்துக்கு மூன்று.

இனி பிராய் தோட்டம். வேலி போட்ட முற்றம், தகரக் கூரை அல்லது மரநிழல், விறகோ கரியோ எரியும் நீண்ட அடுப்பு, அங்கேயே அருந்தும் உரிமம். இந்த நான்கும் உள்ள இடம் கிடைத்தால் விடாதீர்கள். உள்ளே நுழைந்ததும் மூன்றைப் பாருங்கள். உரிமச் சான்றிதழ் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறதா? வாசலில் வயது கேட்கிறார்களா? பதினெட்டுக்குக் கீழே விற்கக் கூடாது. ஈஸ்ட் லண்டன் என்ற தென்னாப்பிரிக்க நகரில் 2022 ஜூன் 26 அன்று எனியோபெனி மதுக்கடையில் 21 இளையவர்கள் இறந்த பிறகும் இதைக் கேட்காத கடையில் காசு கொடுக்க வேண்டியதில்லை. மூன்றாவது, வெளியேறும் வழி. ஒரே ஒரு குறுகிய கேட் வழியாகத்தான் உள்ளேயும் வெளியேயும் என்றால் கூட்ட நாளில் போகாதீர்கள்.

பியர் விஷயத்தில் வெட்டவெளிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு: வெயில். குழாய் பியர் 3 அல்லது 4 டிகிரியில் பீப்பாயிலிருந்து கிளம்ப வேண்டும். பீப்பாய் உள்ளறையிலும் குழாய் முற்றத்திலும் இருந்தால் நடுவில் உள்ள குழாயில் நிற்கும் பியர் டர்பன் ஜனவரிச் சூட்டில் வெந்துபோகும். வெந்த பியர் வாயுவைப் பிடித்துவைக்காது. குவளையில் பாதி நுரை. கெட்டிக்காரப் பணியாள் முதல் குவளையைக் கொட்டிவிட்டு இரண்டாவதை 45 பாகையில் சாய்த்துப் பிடிப்பார். நுரையோடு நீட்டிவிட்டு முழு விலையும் கேட்டால் திருப்பிக் கொடுங்கள். குடிக்கும்போது குவளையின் உட்சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் குவளை சரியாகக் கழுவப்படவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. பிராய் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த குவளைகளுக்கு இது அடிக்கடி வரும். வெண்ணெய் வாடையோ புளிப்போ அடித்தால் குழாய் நாள்கணக்கில் கழுவப்படவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் 340 மில்லி டப்பாவையே கேளுங்கள். சீல் உங்கள் கண்முன்னே உடையும். டப்பா வெதுவெதுப்பாக இருந்தால் வாளியில் ஐஸும் தண்ணீரும் சேர்த்து ஒரு கைப்பிடி உப்புப் போடச் சொல்லுங்கள். கால் மணி நேரத்தில் குளிர்ந்துவிடும். வெறும் ஐஸில் செருகினால் அத்தனை சீக்கிரம் குளிராது. ஐஸுக்கும் டப்பாவுக்கும் நடுவே காற்றுதான் இருக்கும். தண்ணீர் டப்பாவை முழுக்கத் தழுவும்.

இறைச்சியில் நம்மவர்கள் கேட்க மறப்பது அதைச் சுடும் கம்பி வலையைப் பற்றி. பூரவோர்ஸ் (சுருள் சாசேஜ், சுருக்கமாக வோர்ஸ்) என்ற பெயரில் விற்க வேண்டுமானால் 90 சதவீதம் இறைச்சி இருக்க வேண்டும், கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி. அந்த இறைச்சி பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். மாடு சாப்பிடாதவர் "எனக்குக் கோழி சாசேஜ்" என்று சொல்லிவிட்டு அதே வலையில் சுட்டதை வாங்கிப் பயனில்லை. தனி வலை உண்டா என்று முதலில் கேட்டுவிட்டே ஆர்டர் கொடுங்கள். கேட்டதும் முகம் சுளிக்காமல் கழுவிய வலையை எடுத்துப் போடும் கடைக்கு ஒரு புள்ளி கூட. கரி மேலே சாம்பல் வெளுத்து, தீ அடங்கிய பிறகுதான் இறைச்சி ஏற வேண்டும். சுவாலையில் ஏற்றினால் மசாலா கருகும், உள்ளே ரத்தம் நிற்கும். வோர்ஸை முள்கரண்டியால் குத்தும் ஆளிடம் மறுபடி போகாதீர்கள். சாறெல்லாம் தீயில் விழுந்து, மிச்சம் வறண்ட தோல்தான்.

இந்தத் தோட்டங்களை நடத்துபவர்களுக்கு மதுச் சட்டத்தின் மேல் கசப்பு உண்டு; ஏன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இந்த ஊரில் மதுச் சட்டம் ஒருபோதும் மதுவைப் பற்றியது மட்டுமாக இருந்ததில்லை. டர்பன் அடங்கிய நட்டாலில் 1908இல் வந்த சட்டம் பியர் காய்ச்சி விற்கும் உரிமையை நகராட்சிக்கே வைத்துக்கொள்ள வழிசெய்தது. கறுப்பினப் பெண்கள் வீட்டில் காய்ச்சினால் குற்றம், நகராட்சி பியர் கூடத்தில் விற்றால் வருமானம். 1959 ஜூனில் டர்பனின் கேட்டோ மேனர் குடியிருப்புப் பெண்கள் அந்தக் கூடங்களுக்குள் புகுந்து அடித்தது அதனால்தான். கறுப்பின மக்களுக்கு மற்ற மதுவகை விற்கத் தடை 1962 வரை இருந்தது. ஷெபீன் என்ற உரிமமில்லா மதுக்கூடம் வளர்ந்த கதை இதில் அடங்கியிருக்கிறது.

பிறகு 2020இன் கோவிட் ஊரடங்கு. மார்ச் 27 முதல் மது விற்பனைக்கு முழுத்தடை. ஜூன் 1இல் திறந்தார்கள். ஆனால் திங்கள் முதல் வியாழன் வரை, காலை 9 முதல் மாலை 5 வரை, அதுவும் வீட்டில் குடிக்க மட்டும். தோட்டங்களுக்கு அதில் ஒரு சல்லியும் இல்லை. ஜூலை 12இல் மறுபடி தடை. ஆகஸ்ட் 18இல் விலக்கு, டிசம்பர் 28இல் மூன்றாவது தடை, 2021 ஜூன் கடைசியில் நான்காவது. இடையில் அன்னாசிப்பழம் விலை எகிறியது. வீட்டு அன்னாசி பியரை மூடி இறுக்கி அடைத்தவர்கள் வீட்டில் பாட்டில் வெடித்தது. ஈஸ்ட் வேலைசெய்யும்போது வாயு வெளியேற வழி வேண்டும். 2020 ஜூலை 22 அன்று நாடெங்கும் உணவகக்காரர்கள் மேசை நாற்காலிகளைத் தெருவில் கொண்டுவந்து போட்டார்கள். மதுத் தடையாலும் இரவு ஊரடங்காலும் வியாபாரம் படுத்ததால் வெளியே போட்ட வெறும் நாற்காலிகள். எங்கள் பார்வையில் அந்தப் போராட்டம் நியாயமானது. தடைக்காலத்தில் மருத்துவமனைகளின் காயப் பிரிவுகளில் கூட்டம் குறைந்ததும் உண்மைதான். அடியும் வெட்டும் விபத்தும் குறைந்தன. ஆனால் உரிமம் உள்ள இடத்தைப் பூட்டியபோது உரிமமில்லாத இடம் திறந்துகொண்டது. நிழல் வியாபாரத்துக்கு வயதும் கிடையாது, மணியும் கிடையாது.

2016இல் பொதுமக்கள் கருத்துக்கு விட்ட தேசிய மதுச் சட்டத் திருத்த மசோதா வரைவு இன்னும் கடுமை: மது வாங்கும் வயது 21, பள்ளிக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் குடியிருப்புக்கும் 500 மீட்டருக்குள் கடை கூடாது. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. டர்பனில் இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த்தின் வரைபடத்தை எடுத்து ஒவ்வொரு கோயிலைச் சுற்றியும் 500 மீட்டருக்கு வட்டம் போட்டுப் பாருங்கள். கடை வைக்க மிஞ்சுவது நெடுஞ்சாலை ஓரம்தான். நெடுஞ்சாலை ஓரத்துக்கு எல்லோரும் காரில்தான் வருவார்கள், காரில்தான் திரும்புவார்கள்.

காரில் திரும்புவதுதான் உண்மையான விலைப்பட்டியல். சாதாரண ஓட்டுநருக்கு வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 0.05 கிராம்; மூச்சில் லிட்டருக்கு 0.24 மில்லிகிராம். டாக்ஸி, பஸ் ஓட்டும் தொழில்முறை உரிமக்காரருக்கு 0.02 கிராம்தான். 5 சதவீத பியர் 750 மில்லி குவார்ட் ஒன்றில் ஏறக்குறைய 30 கிராம் ஆல்கஹால் உண்டு. 70 கிலோ ஆண் அதை மளமளவென்று குடித்தால் 0.06ஐ ஒட்டிப் போவார். ஒரே பாட்டில், வரம்பு தாண்டியாயிற்று. 55 கிலோ பெண்ணுக்கு ஒரு 340 மில்லி டப்பாவே 0.04ஐத் தாண்டும். கேன் அண்ட் கோக் (கரும்பில் வடித்த கேன் என்ற மதுவோடு கோக்) பிரியர்களுக்கு: 43 சதவீத கேன், 25 மில்லி அளவில் இரண்டு ஊற்றினால் 17 கிராம், அது ஒரு டப்பா பியரை விட அதிகம். கோக்கின் இனிப்பில் அது தெரியாது. உடம்பு மணிக்கு 0.015 அளவுதான் கழிக்கும். கருப்புக் காப்பியோ குளிர்ந்த நீரோ அதைத் துரிதப்படுத்தாது. 0.10இல் எழுந்தவர் 0.05க்கு இறங்க மூன்று மணி நேரத்துக்கு மேல். மூச்சுக் கருவியில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுப்பார்கள். "கொஞ்ச நேரம் இழுத்தடித்தால் இறங்கிவிடும்" என்ற கணக்கு பலிக்காது.

ஆகவே தோட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வாசலுக்கு ஊபரோ போல்ட்டோ வந்து நிற்குமா என்று பாருங்கள். சில டவுன்ஷிப் (புறநகர்க் குடியிருப்பு) தெருக்களுக்கு இரவில் ஓட்டுநர்கள் வரத் தயங்குவார்கள். வரும் வழியையும் திரும்பும் வழியையும் சேர்த்து யோசியுங்கள். ஓட்டப்போகிறவருக்குக் காசில் ஃப்ரீ, ஹைனெக்கன் 0.0 போன்ற ஆல்கஹால் இல்லாத பியர் குளிரூட்டியில் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். அலமாரியில் சூடாக வைத்திருந்து நீட்டுகிற கடை ஓட்டுநரை மதிக்கவில்லை. இதெல்லாம் தேறினால் பிராய் தோட்டத்துக்கு ஐந்துக்கு நாலரை.

அரைப் புள்ளி ஏன் குறைந்தது? புரட்டாசி. செப்டம்பர் நடுவில் தொடங்கி ஒரு மாதம் நம் மேசைகள் பாதிக்கு மேல் காலி. விரதம் இருப்பவர் நண்பர்களோடு வந்து உட்கார்ந்தால் கொடுப்பதற்கு உருளைக்கிழங்கு சிப்ஸைத் தவிர எதுவும் வைத்திருக்க மாட்டார்கள். சோளக்கதிர், பனீர், மசாலா தடவிய கத்திரிக்காய், ஒரு தனி வலை, இவ்வளவுதான் தேவை. கரி ஏற்கெனவே எரிந்துகொண்டுதான் இருக்கிறது.