இறுகிப்போன கியர் பாக்ஸ் மூடி: எண்ணெயா, சூடா, நீண்ட பிடியா?

பழைய காரின் கியர் பாக்ஸ் பக்கம் பல ஆண்டுகளாக யாருமே கை வைத்திருக்க மாட்டார்கள். ஒருநாள் ஆயில் மாற்றலாம் என்று அடியில் படுக்கிறோம். கீழே உள்ள வடிக்கும் மூடி எளிதாகக் கழன்றுவிடுகிறது, பழைய ஆயில் முழுவதும் தட்டில் இறங்கிவிடுகிறது. பக்கவாட்டில் உள்ள ஊற்றும் மூடி அசைய மறுப்பது அதற்குப் பிறகுதான் தெரிகிறது. இனி வண்டியை நகர்த்தவும் முடியாது, புதிய ஆயிலை ஊற்றவும் முடியாது. அதனால் எந்த முறை சிறந்தது என்று பேசுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: ஊற்றும் மூடி கழன்ற பிறகே வடிக்கும் மூடியைத் தொடுங்கள். கழலவில்லை என்றாலும் பழைய ஆயில் உள்ளேயே இருக்கும், வண்டியை ஓட்டலாம், இன்னொரு நாள் நிதானமாக முயலலாம்.

எது ஊற்றும் மூடி என்பதையும் அந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சில கியர் பாக்ஸ்களில் ஸ்பிரிங்கையும் சிறு எஃகுக் குண்டையும் அடக்கி வைத்திருக்கும் மூடிகள் ஏறக்குறைய அதே உருவத்தில் இருக்கும். அதைக் கழற்றினால் குண்டு வெளியே வந்துவிடும், பிறகு கியர் விழுவதில் சிக்கல்.

எண்ணெயும் சூடும்

இறுகிய எதைக் கண்டாலும் துரு இளக்கும் எண்ணெயைத் தெளிப்பது நம் பழக்கம். டபிள்யூடி-40 டப்பாவைப் பலர் எடுக்கிறார்கள். ஆனால் 1953இல் அது உருவாக்கப்பட்டது உலோகத்திலிருந்து ஈரத்தை விலக்குவதற்காக. பெயரில் உள்ள டபிள்யூ, டி என்ற எழுத்துகளே அதைத்தான் (Water Displacement, நீர் விலக்கல்) குறிக்கின்றன. இறுகிய மரைக்குள் ஊடுருவுவதற்கென்றே தனி எண்ணெய்கள் விற்கின்றன. அசிட்டோனையும் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கான) ஆயிலையும் சரிபாதி கலந்து வீட்டிலேயே தயாரிப்பவர்களும் உண்டு. அந்தக் கலவை நிற்கும்போது பிரிந்துவிடும், எனவே ஒவ்வொரு முறையும் குலுக்கியே பயன்படுத்த வேண்டும்.

இந்த எண்ணெய்கள் சைலன்சர் போல்ட்டில் நன்றாகவே வேலை செய்யும். கியர் பாக்ஸ் மூடியில் அவற்றின் மீது எனக்கு நம்பிக்கை குறைவு. மூடியின் உட்பக்கத்தில் ஏற்கெனவே கியர் ஆயில் இருக்கிறது, மரையின் உள்முனை பல ஆண்டுகளாக அதில் நனைந்தே கிடக்கிறது. பிடிப்பு பெரும்பாலும் வெளிவிளிம்பிலும் வாஷர் அமரும் முகத்திலும்தான். செம்பு அல்லது அலுமினிய வாஷர் நசுங்கி அமர்ந்திருப்பதே எந்தத் திரவமும் கசியாமலிருக்கத்தான். உள்ளிருந்து ஆயிலை வெளியே விடாத அந்த வாஷர், வெளியிலிருந்து எண்ணெயையும் எளிதில் உள்ளே விடாது. கூம்பு மரை (நுனியை நோக்கிச் சிறுத்துச் செல்லும் மரை) கொண்ட மூடியில் வாஷர் இல்லை, ஆனால் அங்கே மரையே அடைப்பாக இருக்கிறது. முதல் நாள் இரவு கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி எண்ணெய் தெளித்து வைப்பதில் தவறில்லை. மூன்று நாள் தெளித்துக்கொண்டே காத்திருப்பது வீண்.

சூடு வேறு விதமாக வேலை செய்கிறது. பல கியர் பாக்ஸ்களின் உறை அலுமினிய வார்ப்பு, மூடி எஃகு. ஒரு டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் அலுமினியம் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 23 பங்கு விரியும். எஃகு ஏறத்தாழ 12 பங்குதான். 20 மில்லிமீட்டர் துளையைச் சுற்றி 100 டிகிரி கூட்டினால் துளை கிட்டத்தட்ட 0.046 மில்லிமீட்டர் பெரிதாகும். மூடியும் அதே அளவு சூடானால்கூட அது 0.024 மில்லிமீட்டர்தான் பெருக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்த வித்தியாசம் பல ஆண்டுத் துருவின் பிடியை உடைக்கப் போதுமானது. ஆகவே மூடியை அல்ல, அதைச் சுற்றியுள்ள உறையைச் சூடாக்குங்கள். சூடு இருக்கும்போதே ஸ்பேனரைப் போடுங்கள்.

சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னையே நான் விரும்புகிறேன். ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுமையாகக் காட்டினால் போதும். உறையின் மீது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். சீறி மறைந்தால் 100 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று பொருள், அதற்கு மேல் தேவையில்லை. கேஸ் டார்ச் வேகமானதுதான், ஆனால் அதைப் பிடிப்பவர் எல்லாவற்றையும் யோசிக்க வேண்டும்: முந்தைய இரவு தெளித்த எண்ணெய், பெட்ரோல் குழாய், வயர்கள், தண்டுகளைச் சுற்றியுள்ள ரப்பர் ஆயில் சீல்கள். எண்ணெய் தெளித்த இடத்தை முழுவதுமாகத் துடைக்காமல் நெருப்பைக் காட்டாதீர்கள், தீயணைப்பானைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள்.

உறை வார்ப்பிரும்பாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. இரும்பும் எஃகும் ஏறத்தாழ ஒரே அளவு விரிகின்றன. அங்கே சூடாக்கி ஆறவிடுவதைச் சில முறை மாற்றி மாற்றிச் செய்வது துருவைத் தளர்த்தும், ஆனால் அலுமினியத்தில் கிடைக்கும் அளவுக்கு உதவியை எதிர்பார்க்க முடியாது.

நீண்ட பிடியும் அதிரும் கருவியும்

பல கார்களில் இந்த மூடிக்குக் கையேடு சொல்லும் இறுக்கம் 25 முதல் 50 நியூட்டன் மீட்டர் (திருகு விசையின் அலகு) அளவில்தான் இருக்கும். ஒரு மீட்டர் பைப்பை ஸ்பேனரில் மாட்டி 50 கிலோ அழுத்தினால் கிடைப்பது ஏறத்தாழ 490 நியூட்டன் மீட்டர். அந்த விசை மூடியைக் கழற்றலாம், அதன் தலையின் மூலைகளைத் தேய்த்து உருட்டிவிடலாம், அலுமினிய மரையையே பிடுங்கிக்கொண்டும் வரலாம். இதில் எது நடக்கப்போகிறது என்பதைப் பைப் உங்களுக்கு முன்கூட்டிச் சொல்லாது. பைப்புக்கு அடியில் ஜாக்கை வைத்து ஏற்றும் உத்தியும் உண்டு. விசை சீராகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் மூடி அசையாவிட்டால் அந்த ஜாக் காரையே ஸ்டாண்டிலிருந்து தூக்கத் தொடங்கும், நாம் அதன் அடியில் படுத்திருப்போம். அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

இம்பேக்ட் ரெஞ்ச் சிறு சிறு அடிகளாக விசையைக் கொடுக்கிறது. துருப்பிடிப்பை உடைப்பதற்குத் தொடர்ந்த இழுப்பைவிட இந்த அதிர்வு பொருத்தமானது, காரையும் ஆட்டுவதில்லை. அதன் குறை இடவசதிதான்: பக்கவாட்டு மூடிக்கும் காரின் தரைத்தகட்டுக்கும் நடுவே அந்தக் கருவி பல வண்டிகளில் நுழையாது. அங்கே சுத்தியலே போதும். தடித்த எஃகுக் கம்பியை மூடியின் தலை நடுவில் வைத்து நான்கைந்து முறை கூர்மையாகத் தட்டுங்கள். அடி உறையில் விழக் கூடாது, வார்ப்பு அலுமினியம் வெடித்துவிடும். வாஷர் வைத்த மூடியாக இருந்தால் கழற்றும் முன் ஒரு நூலிழை இறுக்கிப் பார்ப்பதும் பலன் தரும். கூம்பு மரை மூடியில் அதைச் செய்யாதீர்கள். ஆப்பு அடித்தது போல உறை விரிசல் விடும்.

எந்தக் கருவியானாலும் ஆறு முனை சாக்கெட்டே வேண்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் தலையின் மூலைகளை மட்டும் பற்றி உருட்டிவிடும். தலையின் அறுகோணக் குழிக்குள் கீயை நுழைத்துத் திருப்பும் ஆலன் கீ மூடியாக இருந்தால் குழிக்குள் அப்பியிருக்கும் சேற்றை ஊசியால் முழுவதும் சுரண்டிவிட்டு, கீயைத் தட்டி அடிவரை இறக்குங்கள். நான் பார்த்த உருண்ட மூடிகளில் பாதி, பாதி ஆழத்தில் நின்ற கீயால் உருண்டவை.

தலை உருண்டுவிட்டால்

மூன்று வழிகள் மிச்சம். உட்புறம் சுருள் பற்கள் கொண்ட எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட்டை அடித்து ஏற்றுவது முதல் வழி. வெளிப்புற அறுகோணத் தலைக்கு இதுவே சுத்தமானது. உள்குழி உருண்டிருந்தால் சற்றுப் பெரிய டார்க்ஸ் பிட்டை (நட்சத்திர முனை கொண்டது) அடித்து இறக்கலாம். உளியை விளிம்பில் சாய்த்து வைத்துக் கழலும் திசையில் அடிப்பது இரண்டாவது. பழைய முறை, ஆனால் கை தவறினால் உறை பழுதாகும்.

மூன்றாவது, மூடியின் மீது ஒரு நட்டை வெல்டிங் செய்வது. பிடிப்பும் சூடும் ஒன்றாகக் கிடைப்பதால் பிடிவாதமான மூடிக்கு இதுவே வலிமையான வழி என்பேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை மூடிக்கு அருகிலேயே உறையில் மாட்ட வேண்டும். தூரத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங்குகள் வழியாகப் பாய்ந்து அவற்றைக் கெடுக்கும். கசிந்த ஆயிலுக்குப் பக்கத்தில் வெல்டிங் தீப்பொறி விழும் என்பதால் இது அனுபவமுள்ளவர் வேலை. துளையிட்டு எடுப்பதை நான் கடைசிக்கும் கடைசியாக வைப்பேன், உலோகத் துகள் கியர்களுக்குள் விழும்.

மூடியைத் தொடாமலே ஆயில் ஊற்றவும் வழி இருக்கிறது. பல பழைய வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் கேபிள் பொருந்தும் துளையோ, ரிவர்ஸ் விளக்கு ஸ்விட்சின் துளையோ, கியர் லீவரின் வாயோ போதும். ஊற்றும் மூடி கழன்றிருந்தால், அந்தத் துளையில் ஆயில் வழியும் மட்டத்தை வைத்து அளவு தெரிந்துவிடும். இங்கே அது கிடையாது. முதலில் வடித்த ஆயிலை அளந்து, கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட்டு, அந்த அளவை மட்டும் ஊற்றுங்கள். அதிகம் ஊற்றினால் ஆயில் நுரைக்கும், சீல்கள் வழியே கசியும். உருண்ட மூடியோடு இன்று போராட நேரமோ கருவியோ இல்லாதவர்களுக்கு இந்த வழியே வெல்டிங்கைவிட மேல்.

மூடி கழன்றுவிட்டால் மரைகளைத் துடைத்து, புதிய வாஷர் போட்டு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் கையேடு சொல்லும் அளவோடு நிறுத்துங்கள். கூம்பு மரைக்கு வாஷர் வேண்டாம், கசிவடைக்கும் பசை போதும். தலை சிறிதேனும் உருண்டிருந்தால் அந்த மூடியைத் திரும்பப் போடாமல் புதிதாக ஒன்று வாங்கிப் போடுங்கள்.