போஸ்ட்ஜிஸா, ஸ்பேஷியாலைட்டா: இடஞ்சார் தரவுத்தளம் படிக்க எது உதவும்?

ஜிஐஎஸ் (புவியியல் தகவல் அமைப்பு) படிப்பில் தரவுத்தளப் பாடம் தொடங்கியதும் எழும் முதல் கேள்வி, எதில் பழகுவது என்பதுதான். வேலையை மட்டும் மனதில் வைத்தால் யோசிக்கவே வேண்டாம், போஸ்ட்ஜிஸ். பாடம் புரிய வேண்டும் என்றால் முதல் சில வாரங்களுக்கு ஸ்பேஷியாலைட்டைத்தான் சொல்வேன்.

நிறுவுவதில் ஸ்பேஷியாலைட் எளிது. எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளத்துக்கான இடஞ்சார் நீட்டிப்பு என்பதால் மொத்தத் தரவுத்தளமும் ஒரே கோப்பில் அடங்கிவிடும். போஸ்ட்ஜிஸ் அதே போல போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கான நீட்டிப்பு; அதற்கு போஸ்ட்கிரெஸ் சர்வர் ஓட வேண்டும். பயனர், கடவுச்சொல், 5432 போர்ட் என்று ஆய்வக வகுப்பின் முதல் நாளே அதில் கரைந்துவிடும்.

உண்மையான வித்தியாசம் இண்டெக்ஸில், அதாவது தேடலை விரைவாக்கும் துணை அமைப்பில், இருக்கிறது. 1984இல் அன்டோனின் குட்மன் முன்வைத்த ஆர்-ட்ரீதான் இரண்டுக்கும் அடிப்படை. ஒவ்வொரு வடிவத்தையும் சுற்றி ஒரு செவ்வகம். முதலில் செவ்வகங்கள் தொடுகின்றனவா என்று பார்த்து, தொடுபவற்றை மட்டும் துல்லியமாகச் சோதிப்பார்கள். போஸ்ட்ஜிஸில் இரு வடிவங்கள் தொடுகின்றனவா என்று கேட்கும் எஸ்டி_இன்டர்செக்ட்ஸ் எழுதினால், இண்டெக்ஸ் இருக்கும்பட்சத்தில், இந்த முதல் சல்லடை தானாகவே நடக்கும். ஸ்பேஷியாலைட்டில் நடக்காது. இண்டெக்ஸை உருவாக்கி வைத்திருந்தாலும், ஸ்பேஷியல்இண்டெக்ஸ் என்ற மெய்நிகர் அட்டவணையிடம் 'இந்தச் செவ்வகத்துக்குள் வரும் வரிசைகள் எவை' என்று துணை வினவல் எழுதிக் கேட்க வேண்டும். மறந்தால் அட்டவணை முழுவதையும் ஒவ்வொரு வரிசையாகச் சோதிக்கும். எரிச்சல்தான். ஆனால் அந்தத் துணை வினவலை நாலு முறை கையால் எழுதியவர், தேர்வில் இதே கேள்வி வந்தால் மனப்பாடத்தை நம்பியிருக்க வேண்டாம்.

அப்புறம் போஸ்ட்ஜிஸுக்கு வந்து, வினவலுக்கு முன்னால், அது எப்படி ஓடியது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். இண்டெக்ஸ் ஸ்கேன் என்ற வரிக்குக் கீழே 'ரோஸ் ரிமூவ்டு பை ஃபில்டர்' என்று ஓர் எண் வரும். செவ்வகம் தொட்டும் வடிவம் தொடாமல் கழிந்தவை அவை. பாடப்புத்தகப் படம் அங்கே எண்ணாக நிற்கிறது. குறிப்பிட்ட தூரத்துக்குள் இருப்பவற்றைத் தேட எஸ்டி_டிஸ்டன்ஸ் 500க்குக் கீழ் என்று எழுதினால் இண்டெக்ஸ் பயன்படாது, எஸ்டி_டிவித்தின் என்று எழுதினால் பயன்படும் என்பதும் இதே திரையில் தெரிந்துவிடும்.

தூரக் கணக்கில் போஸ்ட்ஜிஸ் ஒரு படி மேல். 4326 என்ற எண்ணால் குறிக்கும் அட்சரேகை-தீர்க்கரேகை ஆள்கூற்றில் உள்ள ஜியோமெட்ரியிடம் (தட்டையான தளத்தில் கணக்கிடும் வகை) தூரம் கேட்டால் டிகிரியில்தான் விடை வரும். அங்கே 500 என்று எல்லை வைத்தால் உலகமே உள்ளே வந்துவிடும்! பூமியின் வளைவைக் கணக்கில் கொள்ளும் ஜியாக்ரஃபி வகைக்கு மாற்றினால் மீட்டரில் கிடைக்கும். ஸ்பேஷியாலைட்டில் அப்படித் தனி வகை இல்லை. பொருத்தமான புரொஜெக்ஷனுக்கு (பூமியைத் தட்டையான வரைபடமாக்கும் முறைக்கு) மாற்றுவது போன்ற வேலையை நாமே செய்ய வேண்டும்.

மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளம் ஏற்கெனவே தெரியும், அதிலேயே படிக்கலாமா? படிக்கலாம். ஆனால் 8.0 பதிப்பிலிருந்து 4326இல் புள்ளியை உரையாக எழுதும்போது அட்சரேகை முதலில் வர வேண்டும். போஸ்ட்ஜிஸில் தீர்க்கரேகை முதலில். இரண்டையும் மாற்றி மாற்றிப் பழகுபவருக்குப் புள்ளிகள் எங்கெங்கோ போய் விழும். தொடக்கத்தில் இந்தத் தலைவலி வேண்டாம் என்பது என் கருத்து.

குழுத் திட்டம் என்றால் மட்டும் முதல் நாளிலிருந்தே போஸ்ட்ஜிஸ்தான். எஸ்கியூலைட் கோப்பில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். இரண்டு பேர் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒரே லேயரைத் திருத்தினால் 'டேட்டாபேஸ் இஸ் லாக்டு' என்று நின்றுவிடும். தனியாகச் செய்யும் ஒப்படைப்புக்கு அந்தக் கவலை இல்லை, ஒரே கோப்பாகக் கொடுத்துவிடலாம்.