முதலில் கையில் கொடுத்த கண்ணகப்பை மட்டும்தான் அசல்

பழைய கையடி இரும்புச் சாமான் தேடிக் காங்கயம், தாராபுரம், பொள்ளாச்சிப் பக்கம் கடை கடையாகப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன மாதம் நான்கு சாமானுக்கு 14,500 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை. அதில் ஒன்றான வடச்சட்டியில் (வாணலியில்) பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுவிட்டேனே என்பதுதான் மனசு ஆறவில்லை.

எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டு வடச்சட்டி, சட்டுவம் (தோசைத் திருப்பி), கண்ணகப்பை (எண்ணெய் வடிக்கிற ஓட்டைக் கரண்டி), அருவாமணை எல்லாம் எவர்சில்வர் வந்த காலத்தில் பழைய இரும்புக்காரருக்குக் கிலோ கணக்கில் போய்விட்டன. அந்த ஏக்கத்தில்தான் ஆறு வருடமாக ஒவ்வொன்றாகச் சேர்க்கிறேன். ஓரளவு பார்க்கத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

கடைக்காரர் முதலில் என் கையில் வைத்தது கண்ணகப்பை. ஓட்டைகள் ஒன்றுக்கொன்று சமமில்லை, உளி வைத்துக் குத்தியதால் பின்பக்கம் பிசிறு நின்றது. காம்பை ஆணி அடித்துத் தறைந்திருந்தார்கள். ஒரு பக்க ஓரம் மட்டும் தேய்ந்து போயிருந்தது. யாரோ ஒருத்தி எத்தனையோ வருடம் சட்டி விளிம்பில் தட்டித் தட்டி எண்ணெய் வடித்த தேய்மானம் அது. அதைப் பிடித்தவுடனே எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் எதிர்பார்த்ததும் அதுதான் போல. அடுத்தடுத்து எடுத்து வைத்ததையெல்லாம் அதே கண்ணோடு பார்த்துவிட்டேன்.

"இது கொடுமணல் இரும்புங்க அக்கா, நூத்தம்பது வருசத்துச் சாமான்" என்றார். ஒரு காந்தத்தை எடுத்து ஒட்ட வைத்து, "பாருங்க, அசல்" என்றார். தயவுசெய்து இதில் ஏமாறாதீர்கள். அடித்த இரும்பு, வார்ப்பிரும்பு, நேற்று மில்லில் வந்த தகடு, மூன்றிலும் காந்தம் ஒட்டும்.

கொடுமணல் பேரைக் கேட்டதும் நமக்கெல்லாம் ஒரு பெருமை வருகிறது. சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யல் கரையில், இரும்பு உருக்கிய உலைகள் அகழாய்வில் கிடைத்தது உண்மை. ஆனால் அது இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய கதை. அதற்கும் ஒரு வடச்சட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும்.

வீட்டில் கஞ்சித்தண்ணி ஊற்றி இரண்டு நாள் ஊற வைத்து, நல்லெண்ணெய் தடவிக் காய்ச்சித்தான் சமைத்தேன். மூன்றாவது முறை கீரை வதக்கும்போது கரண்டியோடு கருப்பு உரிந்து வந்தது. லாரி ஷெட்டில் அடிக்குமே, அந்த வாடை. உரிந்த இடத்தில் செம்மஞ்சளாகத் துரு, தொட்டால் விரலில் மாவு மாதிரி ஒட்டியது. பழைய துரு அப்படி இருக்காது. கரும்பழுப்பாக இரும்போடு இறுகி, அம்மைத் தழும்பு போலக் குழி விட்டிருக்கும்.

எங்கள் ஊர்ப் பட்டறை ஆசாரியிடம் எடுத்துப் போனேன். எழுபதைத் தாண்டியவர். கண்ணாடிகூடப் போடவில்லை, கட்டைவிரலால் விளிம்பைச் சுற்றித் தடவினார்.

"ஏனுங்க அம்மிணி, கையில அடிச்ச சட்டி எல்லாப் பக்கமும் ஒரே கனமா இருக்குமா? இது மிசின்ல அமுக்குன தகடு. மேல சும்மா சுத்தியல்ல கொட்டி வெச்சிருக்கறாங்க."

அவர் காட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. குழியாக அடிக்க அடிக்க இரும்பு விரியும், ஓரிடம் மெலியும், ஓரிடம் தடிக்கும். என் சட்டியில் வெளியே சுத்தியல் தடம் வரிசையாக, உள்ளே வழவழப்பு. பிடியில் முன்பக்கம் ஆணித்தலை இருந்தது. பின்பக்கம் வெல்டிங் வைத்து, அரைத்து, கருப்புப் பூசியிருந்தார்கள். உப்புத்தண்ணி, ஆசிட் தெளித்துத் துரு ஏற்றி, மேலே வேஸ்ட் ஆயில் பூசுவார்களாம். சட்டுவமும் அதே கதை. அருவாமணையில் பலகை மட்டும் பழசு, அரிவாள் புதுசு. கண்ணகப்பையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நல்ல கை" என்று சொல்லித் துணியில் துடைத்துக் கொடுத்தார்.

புதுத் தகட்டுச் சட்டி கெட்டதல்ல. புதுசு என்று சொல்லி விற்றால் நானே வாங்குவேன்.

திருப்பிக் கேட்கப் போனால், "பழைய சாமானுக்கு ரிட்டன் இல்லீங்க" என்றார். கொடுத்த சீட்டில் 'பழைய இரும்பு' என்று மட்டும் எழுதியிருக்கிறது, வயசும் இல்லை, சாமான் பேரும் இல்லை. இன்னொன்று: நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை வியாபாரமாக விற்க 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி உரிமம் வேண்டும். நூற்றைம்பது வருடம் என்று வாயால் சொல்கிறவரிடம், அதைப் பில்லில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதிந்துவிட்டேன். ஜிபேயில் பணம் போட்டது, சாமானைப் பற்றி அவர் வாட்ஸப்பில் அனுப்பிய குரல்பதிவு இரண்டும் கைவசம் இருக்கின்றன. அது சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். இதேபோல முன்பக்கம் ஆணித்தலை வைத்த வடச்சட்டியை அண்மையில் யாராவது வாங்கியிருந்தால், அடுப்பில் ஏற்றும் முன் பிடியின் பின்பக்கத்தைச் சுரண்டிப் பாருங்கள்.