பழைய ஃபோர் வீல் மினி டிராக்டர்: முன் ஆக்சில் ஆயிலைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

எக்ஸ்சேஞ்சுக்கு வந்த 24 ஹெச்.பி. ஃபோர் வீல் (முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும்) மினி டிராக்டர். "ஃபுல் சர்வீஸ் முடிஞ்சுது, அப்படியே வயல்ல இறக்கலாம்" என்று சொல்லி டெல்டா பக்கம் ஒரு டீலர் விற்றது. முதல் சேற்றுழவிலேயே முன் ஆக்சிலில் கடகடச் சத்தம், கூடவே கிளட்ச் ஸ்லிப். டீலர் பெயர் இங்கே வேண்டாம். எதை எப்படி மறைத்திருந்தார்கள் என்பதுதான் முக்கியம்.

எல்லோரும் இன்ஜினைத்தான் பார்ப்பார்கள், அது டீலருக்கும் தெரியும். இந்த வண்டியிலும் இன்ஜினில் பெரிய குறையில்லை. அடி வாங்கியது முன் ஆக்சில். நடவு வயலில் சக்கரம் முங்க ஓடும்போது ஹப் ஆயில் சீல் (சக்கர நடுவில் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) தேய்ந்திருந்தால் சேற்றுத் தண்ணீர் உள்ளே போய்விடும். கசிவைத் துடைத்து மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் ஷோரூமில் தெரியாது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், ஆக்சில் ட்ரெயின் பிளக்கை (அடியில் ஆயில் வடிக்கும் திருகு மூடி) மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் புகுந்திருந்தால், அடியில் தங்கிய அதுதான் முதலில் வரும். வண்டி அப்போதுதான் ஓடி நின்றிருந்தால், தண்ணீர் கலந்த ஆயில் பால் டீ நிறத்தில் இருக்கும். விரலில் தேய்த்தால் லேசான சாம்பல் பூச்சு வருவது பரவாயில்லை. நெருடும் இரும்புத் துணுக்கு வந்தால் பேரிங்கோ பெவல் கியரோ (சுழற்சியைச் சக்கரத்துக்குத் திருப்பிவிடும் சாய்வுப் பல் கியர்) தேய்ந்து போய்க்கொண்டிருக்கிறது. பிளக்கைத் தொடவே விடமாட்டேன் என்கிற டீலரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

முன் டயர் இரண்டும் புதுசாக இருந்ததைச் சலுகை மாதிரி காட்டினார்கள். உண்மையில் அது கம்பெனி சைஸே இல்லை. ஃபோர் வீல் போட்டால் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிடக் கொஞ்சம் வேகமாக இழுக்கும்படிதான் கியர் கணக்கு. சைஸ் மாறினால் கணக்கு கெட்டு, இழுவை முழுக்க பெவல் கியரிலும் கிரவுன் பினியனிலும் (ஆக்சில் நடுவில் உள்ள கியர் ஜோடி) ஏறும். சேற்றில் சக்கரம் வழுக்கிக் கொடுக்கும், தெரியாது. கெட்டித் தரையில் கியரைத் தின்றுவிடும். டயர் பக்கவாட்டில் உள்ள நம்பரை மேனுவலோடு ஒப்பிடுங்கள்.

அடுத்தது ரிப்பேர் மோசடி. வண்டியைப் பிளந்து (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் தனித்தனியாகப் பிரித்து) கிளட்ச் பிளேட்டை மட்டும் மாற்றி, கிளட்ச் செட் முழுக்க மாற்றியதாகப் பில் போட்டார்கள். பழைய பிளேட்டில் ஆயில் ஊறியிருந்தது. அப்படியென்றால் கிராங்க் பின்பக்க சீலோ கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீலோ ஒழுகுகிறது. அதை விட்டுவிட்டுப் புதுப் பிளேட் போட்டால் அதுவும் ஊறும், ஊறியது. இந்த வேலையில் பெரிய செலவு வண்டியைப் பிளக்கிற கூலிதான். அதனால் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், சீல்கள் எல்லாவற்றையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். ஹப் சீலிலும் இதே கதை. சீல் உட்காரும் இடத்தில் ஷாஃப்ட்டை நகத்தால் வருடுங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் எவ்வளவு நல்ல சீலும் நிற்காது, தேய்ந்த இடத்தின் மேல் ஸ்லீவ் (மெல்லிய உலோக உறை) போடணும் அல்லது ஷாஃப்ட்டை மாற்றணும். மாற்றிய பழைய சாமான் அத்தனையையும் கேட்டு வாங்குங்கள்.

மற்றவை சுருக்கமாக. நீங்கள் போகும்போது சைலன்சர் சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜின் சிரமப்பட்டு ஸ்டார்ட் ஆவதை மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ரொட்டவேட்டரைத் தூக்கி இன்ஜினை நிறுத்துங்கள். கண்ணெதிரே இறங்கினால் ஹைட்ராலிக் சிலிண்டர் சீல் அல்லது வால்வு கசிவு. ஹவர் மீட்டரை நம்பவே வேண்டாம்: பெடல் ரப்பர், லிங்க் பின் ஓட்டைகள், பி.டி.ஓ. (ரொட்டவேட்டர் போன்ற கருவியைச் சுழற்றும் பின்பக்க ஷாஃப்ட்) பல் தேய்மானம் பொய் சொல்லாது.

சேஸிஸ், இன்ஜின் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிட்டு, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 கையெழுத்தான பிறகு மீதிப் பணம். ஆர்.சி.யில் பேங்க் அல்லது ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் அதை நீக்குவதற்கான படிவம் 35-உம், கடன் கொடுத்தவரின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபமில்லாச் சான்று) கையில் வரணும். "உள்ளது உள்ளபடி" என்று அச்சடித்த தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். பார்த்த குறைகளையும், சரிசெய்து தருவதாகச் சொன்னதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட 2 ஆண்டு கெடு. பில்லும், ட்ரெயின் ஆயிலின் போட்டோவும், வேறு மெக்கானிக் எழுதித் தந்த அறிக்கையும் அங்கே தேவைப்படும்.