பழைய துணி வாங்க வீடு தேடி வருகிறார்களா? கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

"ஆதரவற்ற குழந்தைகளுக்குப் பழைய துணி தாருங்கள், வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்கிறோம்" என்று ஒரு சிறுமியின் படமும் கைப்பேசி எண்ணும் போட்ட நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உங்களுக்கும் வந்திருக்கலாம். அந்த எண்ணில் பேசியவர்கள் எங்களை ஏமாற்றினார்கள். இன்னொரு குடும்பத்துக்கு இது நடக்கக்கூடாது என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அப்பா தவறிய பிறகு அவருடைய சட்டைகள் அலமாரியிலேயே இருந்தன. "யாராவது உடுத்தட்டும், பூட்டி வச்சு என்ன பண்ண" என்று அம்மாதான் சொன்னார்கள். எல்லாவற்றையும் துவைத்து, இஸ்திரி போட்டு, அறுந்த பட்டன்களைத் தைத்து அடுக்கினார்கள். கூடவே என் மகளுக்குச் சின்னதாகிப்போன கவுன்களும் ஒரு ஸ்வெட்டரும். போனில் மரியாதையாகத்தான் பேசினார்கள். சொன்ன நேரத்துக்கு வண்டியும் வந்தது.

வந்தவர் வாசலிலேயே மூட்டையைப் பிரித்தார். ஒவ்வொரு சட்டையாகக் காலரைத் திருப்பி லேபிளைப் பார்த்தார். கம்பெனி சட்டை, ஜீன்ஸ், பேன்ட் எல்லாம் ஒரு பக்கம். சாயம் போன காட்டன் சட்டைகளும் குழந்தைத் துணி முழுவதும் இன்னொரு பக்கம். "இது ஓடாதுங்க" என்று அதைத் தள்ளி வைத்தார். குழந்தைகள் இல்லத்துக்கு என்று வந்தவர் குழந்தைத் துணியை ஒதுக்குகிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. "குழந்தைகளுக்குத்தானே கேட்டீங்க?" என்றேன். பதிலே சொல்லாமல் ஒதுக்கியதையெல்லாம் ஒரு சாக்கில் திணித்தார். அடுத்து, பழைய மிக்ஸி, பித்தளைப் பாத்திரம், உடைந்த போன் ஏதாவது கிடக்கிறதா என்று விசாரித்தார். கடைசியில் வண்டி வாடகை என்று பணமும் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் நீட்டிய ரசீதில் இல்லத்தின் பெயர் இருந்தது. முகவரி இல்லை, பதிவு எண் இல்லை, கையெழுத்து வெறும் கிறுக்கல்.

அந்தப் பெயரில் உண்மையிலேயே ஓர் இல்லம் இருக்கிறது. தேடிப்பிடித்துப் பேசினேன். நிர்வாகி அம்மா நொந்துபோய்ப் பேசினார்: "நாங்க யாரையும் வீடு வீடா அனுப்புறதில்லைங்க. பழைய துணியும் கேட்கிறதில்லை. பிள்ளைங்களுக்கு அளவு பார்த்துப் புதுசாத்தான் எடுத்துக் கொடுக்கிறோம். புது உள்ளாடை, துண்டு, போர்வை கொடுத்தா சந்தோஷமா வாங்கிக்குவோம்." எங்களுக்கு முன்னாலேயே சிலர் இதே புகாரோடு அவரிடம் பேசியிருக்கிறார்கள்.

அந்தச் சாக்கை என் மகள்தான் பார்த்தாள். பள்ளி வேனுக்காக நிற்கும் இடத்துக்குப் பக்கத்துக் குப்பைமேட்டில் வாய் கிழிந்து கிடந்தது. வெளியே துருத்திக்கொண்டிருந்த ஸ்வெட்டரின் காலரில், அம்மா சிவப்பு நூலால் தைத்த அவளுடைய பெயர். அடியில் அப்பாவின் காட்டன் சட்டைகள், இஸ்திரி மடிப்புகூடக் கலையாமல் ஒரு பக்கம் நனைந்து கிடந்தன. அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

துணியை விற்கிறார்கள் என்பதில் எனக்குக் கோபமில்லை. பிரிட்டனின் ஆக்ஸ்ஃபாம் போன்ற தொண்டு அமைப்பு 1940களிலிருந்தே தானமாக வந்த துணியைக் கடை வைத்து விற்று, அந்தப் பணத்தை நிவாரண வேலைக்குச் செலவிடுகிறது. விற்கிறோம் என்று சொல்லித்தான் வாங்குகிறார்கள். 1999இல் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் அமைப்பும் வருகிற துணி என்ன ஆகிறது என்பதை வெளிப்படையாகச் சொல்கிறது: கிணறு தூர்வாருவது, சாலை போடுவது போன்ற ஊர் வேலைகளைச் சேர்ந்து செய்கிறவர்களுக்கு அது வெகுமதியாகப் போகிறது, உடுத்த முடியாத பருத்தித் துணி மாதவிடாய்த் துணியாகிறது. ஆதரவற்ற பிள்ளைகளின் பெயரைச் சொல்லி வாங்கி, விலை போகிறதை விற்று, மிச்சத்தைக் குப்பையில் வீசுவது மோசடி. இரண்டையும் ஒன்றாகப் பேசக்கூடாது.

ஆகவே யாருக்குக் கொடுத்தாலும் "இது எங்கே போகும்?" என்று கேளுங்கள். மேலை நாடுகளில் தானப் பெட்டியில் போடுகிற துணியில் பெரும்பங்கு பேல் எனப்படும் பெரிய பொதிகளாகக் கட்டி ஏற்றுமதியாகிறது. கானாவின் அக்ராவில் கண்டமாண்டோ சந்தை வியாபாரிகள் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே பேலை விலைக்கு வாங்குகிறார்கள். கறையும் கிழிசலுமாக வந்தால் நட்டம் அவர்களுக்கு, குப்பை அந்த ஊருக்கு. சிலியில் இகிகே துறைமுகம் வழியாக வந்து விலை போகாத துணி அட்டகாமா பாலைவனத்தில் மேடு மேடாகக் கொட்டப்பட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையிலும் நிவாரணம் என்று வந்த பழைய துணி யாரும் தொடாமல் சாலையோரம் கிடந்தது. கேட்காமல் அனுப்புகிற துணிக்கு இதுதான் கதி.

நல்ல இடமாக இருந்தால் என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று தெளிவாகச் சொல்வார்கள். நேரில் வரலாமா என்று கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள். இல்லத்தின் பெயரைச் சொன்னால், நோட்டீஸில் உள்ள எண்ணை விட்டுவிட்டு அந்த இல்லத்தின் எண்ணை நீங்களாகத் தேடிப் பேசுங்கள். துணிக்கு 80ஜி ரசீது தருகிறோம், வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று சிலர் ஆசை காட்டுகிறார்கள். அமெரிக்காவில் நல்ல நிலையில் உள்ள துணிக்கு அப்படிச் சலுகை உண்டு. இந்தியாவில் அந்தக் கழிவு பண நன்கொடைக்கு மட்டும்தான், பொருளுக்குக் கிடையாது. இதைச் சொல்லி யாராவது துணி கேட்டால் அப்போதே கதவைச் சாத்திவிடலாம்.

கிழிந்ததை, நைந்ததைத் தானத்தில் சேர்க்கவே வேண்டாம். அதற்கு வேறு வழி இருக்கிறது. பானிபட்டில் பழைய கம்பளித் துணியை நிறம் பிரித்து, பட்டனும் ஜிப்பும் அறுத்து, நாராகக் கிழித்துத் திரும்ப நூலாக்கிப் போர்வை நெய்கிறார்கள். பருத்தித் துணி ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய் துடைக்கவாவது ஆகும்.

ரசீதின் படத்தையும் கைப்பேசி எண்ணையும் அந்த இல்லத்துக்கு அனுப்பிவிட்டேன். அவர்கள் காவல் நிலையத்தில் புகார் எழுதுகிறார்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். உங்களிடமும் இப்படி வாங்கிப் போயிருந்தால் ரசீதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், எடுத்துக்கொண்டு போய் நீங்களும் ஒரு புகார் கொடுங்கள். அந்த நோட்டீஸ் உங்கள் குடும்பக் குழுவுக்கு வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாமல், அனுப்பியவரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள்.