மண்டபம் லாட்ஜ்: உப்புத் தண்ணீரும் காரல் குழம்பும்

ஆடி அமாவாசைக் கூட்டத்தில் ராமேஸ்வரத்தில் அறை கிடைக்காதவர்கள் பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற மண்டபம் ஊரில் தங்குவது வழக்கம். நாங்களும் அப்படித்தான் இந்த லாட்ஜுக்கு வந்து சேர்ந்தோம். மெயின் ரோட்டிலிருந்து தென்கடல் பக்கம் திரும்பும் சந்தில் இருக்கிறது. ஏசி அறை 1,800 ரூபாய். அமாவாசை என்று வாடகையை ஏற்றவில்லை, அதற்கே ஒரு கும்பிடு.

கிராமத்து வாசம் அடிக்கவேண்டும் என்று வாசலில் வண்டிச் சக்கரம், அரிக்கேன் விளக்கு, பிளாஸ்டிக் வாழைமரம் எல்லாம் வைத்திருக்கிறார்கள். சக்கரத்துக்கு வார்னிஷ் வேறு! எனக்கு ஊர் ஞாபகம் வந்தது அங்கே இல்லை, குளியலறையில். தண்ணீர் உப்பு. எவ்வளவு தேய்த்தாலும் சோப்பு நுரைக்கவில்லை.

நான் பிறந்தது இதே ராமநாதபுரம் கடற்கரையில், வாலிநோக்கம் பக்கம். கிணற்றுத் தண்ணீர் துணிக்கும் பாத்திரத்துக்கும்தான். குடிக்கிற தண்ணீருக்கு மணலில் ஊற்று தோண்டி, அம்மா சிரட்டையால் மோந்து மோந்து குடத்தில் ஊற்றும். பாதிக் குடம் நிறைவதற்குள் ஊற்று கலங்கிவிடும். தெளிகிற வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கவேண்டும், எழுந்து போனால் அடுத்த வீட்டுக் குடம் வந்துவிடும். இப்போது அங்கே எங்களுக்கு வீடு இல்லை. கோவையில் சிறுவாணித் தண்ணீருக்குப் பழகிய என் மனைவியோ, "முடியெல்லாம் கம்பியாயிடுச்சு" என்றாள். நியாயமான புகார். குடிக்க கேன் தண்ணீர் வைக்கிறார்கள், தலைக்கு ஊற்றவும் ஒரு வாளி நல்ல தண்ணீர் கொடுக்கலாம்.

இது கச்சான் காலம், அதாவது தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்கள். தெற்கு ஜன்னல் உள்ள அறை என்றால் ராத்திரி முழுக்கப் பனை ஓலை சடசடக்கும், விடிந்தால் தரையில் மெல்லிசாக மணல். "காத்து நிக்கிற வரைக்கும் இப்படித்தாண்ணே" என்றபடி பெருக்கினார் லாட்ஜில் வேலை செய்யும் அக்கா. தூக்கம் முக்கியம் என்றால் வடக்கு அறை கேளுங்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் தென்கடலில் இறங்கவேண்டாம், இந்த மாதங்களில் அலை மோசம். ரோட்டைத் தாண்டி வடகடலுக்குப் போனால் குளம் மாதிரி கிடக்கும்.

சரி, சாப்பாடு. மெனுவில் சிக்கன் மஞ்சூரியன், பனீர் என்று நீளமாக இருக்கிறது, தொடாதீர்கள். காலையிலேயே சமையலறையில் சொல்லிவிட்டால் அன்றைக்கு வந்த மீனை வாங்கிக் குழம்பு வைக்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்தது காரல். முள் அதிகம் என்று வெளியூர்க்காரர்கள் ஒதுக்குகிற மீன்தான். ஆனால் குண்டு குண்டான ராமநாதபுரம் முண்டு மிளகாயை மல்லியோடு வறுத்து அரைத்து, பூண்டைத் தோலோடு தட்டிப்போட்டு, தேங்காயைக் கண்ணில் மட்டும் காட்டியிருந்தார்கள். குழம்பு தட்டில் நிற்காமல் ஓடியது. அப்படித்தான் ஓடவேண்டும். அந்த மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, எங்கள் வீட்டில் அதற்கு முன்பே வேறு மிளகாய் நுழைந்ததில்லை.

சமைத்த அம்மா எங்கள் வாலிநோக்கத்துக்குப் பக்கத்து ஏர்வாடிக்காரர். என் ஊரைச் சொன்னதும் "யாரு வீடு?" என்றார். அப்பா பெயரைச் சொன்னேன். தெரியவில்லை. இருந்தாலும் இன்னொரு கரண்டி ஊற்றினார்.

பாம்பன் பாலம் தெரியும் என்று விளம்பரத்தில் போட்டிருப்பது கொஞ்சம் ஓவர். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி எக்கினால், 2025-இல் திறந்த புது ரயில் பாலத்தின் தூக்குக் கோபுரம் தெரிகிறது. லிஃப்ட் கிடையாது, வயதானவர்களுக்குக் கீழ்த்தள அறை கேட்டு வாங்குங்கள்.

ஒன்று, காரல் குழம்பு மெனுவிலேயே இல்லாததால் பில்லில் அது 'வெஜ் மீல்ஸ்' என்று வரும். சண்டைக்குப் போகாதீர்கள்.