கண்மாய் வண்டல் என்று சொல்லி உவர் மண்ணை இறக்குகிறார்கள், கவனம்

உச்சிப்புளி, பெரியபட்டினம், கீழக்கரை பக்கம் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் மண் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். மழைக்கு முன்னால் டிராக்டரில் வந்து "கண்மாய் வண்டல், லோடு 2,500" என்று விற்கிறார்கள். எங்கள் வீட்டில் இறக்கியது வண்டலே இல்லை, கடல் தண்ணீர் ஏறி இறங்கும் கழியோர உப்பு மண்.

எங்களுடையது மணல் பூமி. ஊற்றுகிற தண்ணீர் நிற்காது. ஆட்டுப் புழுக்கையும் தென்னை நார்க் கழிவும் போட்டுப் போட்டு வெண்டை, கத்தரி, முருங்கை ஓரளவு எடுத்துக்கொண்டிருந்தோம். அத்தைக்கு மல்லிகை வைக்க ஆசை. தங்கச்சிமடத்திலிருந்து கன்றுகள் வாங்கியாயிற்று, மண்தான் பாக்கி. எந்தக் கண்மாய், அனுமதி இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டேன். "நம்ம ஊர் கண்மாய்தாங்க்கா, சீட்டெல்லாம் இருக்கு, நாளைக்குக் கொண்டாந்து காட்டுறேன்" என்றார் டிராக்டரில் மண் விற்க வந்தவர். மண் வந்தது விளக்கு வைத்த பிறகு. ஈரமாக, கருகருவென்று, பார்க்க நல்ல வண்டல் மாதிரியே இருந்தது. சீட்டு இன்றுவரை வரவில்லை.

காய்ந்ததும் பாத்தி மேல் வெள்ளையாகப் பூத்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரித்தது. மல்லிகைக் கன்றுகளில் இலை ஓரம் பழுப்பாகி, உள்நோக்கிக் கருகிக்கொண்டே போனது. வாழையும் அப்படித்தான். அவரை முளைக்கவே இல்லை. முதல் மழைக்குப் பிறகு அந்தப் பாத்தியில் தானாக முளைத்தது என்ன தெரியுமா? உமரி. உப்பளக் கரையிலும் கழியோரத்திலும் வளர்கிற உமரிக்குக் கண்மாய்க்குள் என்ன வேலை? கிளறிப் பார்த்தால் கூம்பு கூம்பாகக் கடல் நத்தை ஓடுகள்.

போன் செய்தால், "உங்க கிணத்துத் தண்ணி உப்புக்கா, அதான்" என்றார். அதே கிணற்றுத் தண்ணீரில்தான் பக்கத்துப் பாத்தியில், அவர் மண் படாத இடத்தில், வெண்டை காய்த்துக்கொண்டிருந்தது. அதைச் சொன்னதும் பேச்சை மாற்றி, "ஜிப்சம் நாலு மூட்டை போடுங்க, நானே தர்றேன்" என்றார். எனக்குக் கோபம் பொங்கியது இங்கேதான். ஜிப்சம் கேட்பது களர் நிலத்துக்கு. அங்கே மண் துகளில் ஒட்டியிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு ஜிப்சத்தில் உள்ள கால்சியம் அந்த இடத்தைப் பிடிக்கும். உவர் மண்ணில் இருப்பது கரையும் உப்பு. அதை நல்ல தண்ணீரால் கழுவி வடிக்கத்தான் வேண்டும். மண் பரிசோதனைக்குக் கொடுத்தோம். களர் இல்லை, மண்ணில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் மின்கடத்தும் திறன் மட்டும் மீட்டருக்கு 5 டெசிசீமன்ஸுக்கு மேல். 4-ஐத் தாண்டினாலே உவர் மண் என்பது பொதுக் கணக்கு. வேளாண் பல்கலைக்கழகம் ராமநாதபுரத்தில் கடலோர உவர் ஆராய்ச்சி மையமே வைத்திருக்கிறது. உவர் நமக்குப் புதிய தொல்லை இல்லை. அதைக் காசு கொடுத்து வாங்க வைப்பதுதான் புதிது.

அதன் பிறகு அவர் போனை எடுப்பதே இல்லை. பில் தராததால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் சொல்லவும் கையில் ஆதாரம் குறைவு.

இன்னொன்று. கண்மாய் வண்டலை விவசாயத்துக்கு எடுக்க 2024 முதல் தாசில்தார் அளவிலேயே கட்டணமில்லாமல் அனுமதி கொடுக்கிறார்கள். அப்படி எடுத்த மண்தான் என்றால் காட்ட ஒரு தாள் இருக்கும். லோடோடு அது வராவிட்டால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். இருட்டிய பிறகு இறக்க விடாதீர்கள். முந்தின நாளே ஒரு சட்டி மண் கொண்டுவரச் சொல்லி வெயிலில் காயவைத்துப் பாருங்கள், வெள்ளை பூத்தால் வேண்டாம். அப்புறம், ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு பேட்டரித் தண்ணீர் (கடையில் விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீர், ஆசிட் அல்ல) ஊற்றிக் கலக்கித் தெளியவிட்டு, ஆர்.ஓ. மெக்கானிக் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்த உப்பை அளப்பது) அதில் வைக்கச் சொல்லுங்கள். 500 பிபிஎம்மைத் தாண்டினாலே நான் இனி வாங்க மாட்டேன். மீட்டர் கிடைக்காவிட்டால் ஒரு டம்ளரில் அந்த மண், இன்னொன்றில் கழுவிய மணல், இரண்டிலும் பாசிப்பயறு ஊன்றிப் பாருங்கள். முளைப்பில் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் மேல் மண்ணைச் சுரண்டி வெளியேற்றிவிட்டு, சுற்றிலும் வரப்பு கட்டி, ஐப்பசி கார்த்திகை மழையைத் தேக்கி வடியவிடுங்கள். நம் கிணற்றுத் தண்ணீரால் உப்பைக் கழுவ முடியாது, மழைதான் ஒரே நல்ல தண்ணீர். வடிகால் வெட்டாமல் தேக்கினால், மழை நின்றதும் உப்பு மறுபடி மேலே ஏறிவிடும். தென்னையும் முருங்கையும் தாக்குப்பிடிக்கின்றன, அவற்றைப் பிடுங்க வேண்டாம். நாங்கள் மழை முடிந்ததும் இன்னொரு மண் மாதிரியைப் பரிசோதனைக்குக் கொடுக்கப்போகிறோம். அந்த மின்கடத்தும் திறன் எண் இறங்கினால்தான் அத்தையின் மல்லிகைக்கு அங்கே இடம்.